டிவிக்குப் பின்னால்

யாரையும் கேட்காமல் அந்தப் பெண் மாடிப்படிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்தாள். சிக்கிக்கொள்ளும் கதவு அது. கீழ்மூலையை முழங்காலால் இடித்தால்தான் வழிக்கு வரும். அவள் சரியாக அந்த இடத்தில் இடித்தாள்.

மகள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுக் காலை குளியலறையில் விழுந்தவர் எழவில்லை. மகளும் அவள் கணவரும் இரவெல்லாம் பயணம் செய்து விடியும்போது வந்து சேர்ந்தார்கள். சுடுகாட்டுக்கு எடுத்துப்போகும் வண்டி சாயங்காலம்தான் வரும். அதுவரை வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கணவர் பழைய படங்களையெல்லாம் ஒரு டிஸ்க்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வீட்டு டிவிடி ப்ளேயர் அதை உள்ளே வாங்கிய வேகத்தில் வெளியே துப்பியது.

"இருங்க, அவளைக் கூப்பிடறேன்" என்றாள் அம்மா. எவளை என்று மகள் கேட்பதற்குள் பேசி ஃபோனை வைத்துவிட்டாள்.

வந்தவள் அருங்காட்சியகத்தில் அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவள். கூடங்களில் இருக்கும் திரைகளில் நாள் முழுக்கப் படம் ஓடவைப்பது அப்பாவின் வேலை. அவர் ஓய்வு பெற்ற அன்று எடுத்த படத்தில் இவள் ஓரமாக நிற்பாள். இந்த வீட்டுக்கு வந்துபோகிறவள் என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"யாருடி இவ?" அத்தை மகளின் தோளை இடித்தாள். "வீட்டுக்காரி மாதிரி நடமாடறா. அண்ணியும் வாயில கொழுக்கட்டை வெச்சாப்பல உக்காந்திருக்கா."

அந்தப் பெண் அலமாரியிலிருந்து கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். இரண்டு பக்கமும் திருகாணி போட்டுப் பொருத்துவதற்குக் காது மாதிரித் தகடுகள். டிவி மேசையில் வைத்து, பின்பக்கம் மண்டியிட்டாள்.

"இதுவும் டிவிடி ப்ளேயரா?" என்றார் கணவர்.

"ஆமாங்க. நாள் பூரா ஓடறதுக்குன்னே செஞ்சது. மியூசியத்துல கழிச்சுக் கட்டினப்போ சார் எடுத்துக்கிட்டார். வயரைச் சொருகித் திருகிடணும். யார் கால் பட்டாலும் கழண்டு வராது."

திருகும் வயர் டிவியின் மஞ்சள் துளைக்குள் போகாது, நடுவில் ஒரு முனை வேண்டும் என்றாள். சொல்லிக்கொண்டே எழுந்து, ஜன்னல் விளிம்பிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து அதை எடுத்தாள். டப்பாவில் ஊசியும் நூலும் இருப்பதாகத்தான் மகள் இதுவரை நினைத்திருந்தாள்.

கணவர் டிஸ்க்கைப் போட்டு ப்ளே பட்டனை அமுக்கினார். ஒன்றும் அசையவில்லை.

"பூட்டியிருக்குங்க. சார்தான் பூட்டுவார். மியூசியத்துல பிள்ளைங்க கண்டதை அமுக்கிடும்ல."

இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். பூட்டு விட்டது.

"அப்பா போட்ட பூட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மகள்.

"அது... நான்தான் பூட்டினேன்."

"இப்பதானே அப்பா பூட்டுவார்னீங்க. எப்போ பூட்டினீங்க?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் மகளைச் சுட்டது. வாரா வாரம் ஃபோனில் அப்பா பேசும்போது பின்னால் ஒரு பெண்குரல் கிசுகிசுக்கும். அம்மாவின் குரல் இல்லை அது. டிவி சத்தம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"உங்க குரலை ஃபோன்ல கேட்டிருக்கேன்" என்றாள். அத்தை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லிடு" என்றாள் அம்மா. "இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது."

அந்தப் பெண் புடவைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

"சாருக்குப் போன வருஷத்துலேர்ந்தே ஞாபகம் போயிடுச்சுங்க. காலையில எழுந்ததும் சட்டையை மாட்டிக்கிட்டு, வேலைக்கு நேரமாச்சுன்னு கதவை உடைப்பார். அக்காவை, உங்க அம்மாவையே, யாருன்னு கேட்பார். ஆனா இந்தப் பெட்டியை முன்னாடி வெச்சா மட்டும் கை தானா வேலை செய்யும். நான் வந்து வயரையெல்லாம் உருவிப் போட்டுட்டு, 'ரெண்டாவது கூடத்துல படம் வரலை சார்'னு சொல்வேன். திட்டிக்கிட்டே உக்காருவார். டிஸ்க் முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து ஓடணும், கரண்ட் போய் வந்தாலும் தானா ஓடணும், திரையில எழுத்து வரக்கூடாது. ஒண்ணு விடமாட்டார். அந்தக் கொஞ்ச நேரம் பழைய சார் மாதிரியே இருப்பார். கிளம்பறப்போ நான் பூட்டிட்டுப் போவேன், இல்லேன்னா விடாம அமுக்கிக்கிட்டே இருப்பார்."

"ஃபோன்ல?"

"நீங்க பேசறப்போ பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுப்பேன். பேத்திக்குப் பரீட்சை எப்படின்னு கேளுங்க, மாப்பிள்ளை சௌக்கியமான்னு கேளுங்கன்னு..."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?"

"வந்திருப்பேன்."

"வந்து, முதியோர் ஹோம்ல சேர்க்கலாம்னு சொல்லியிருப்பே. உன் மாமியாரைச் சேர்த்தியே, அந்த மாதிரி." அம்மா குரலை உயர்த்தவில்லை. "நீ எப்போ திடீர்னு வந்து நிப்பியோன்னு எனக்குப் பயம். வாசல்ல கார் நின்னாலே ஜன்னல்ல எட்டிப் பார்ப்பேன்."

கணவர் டிவிக்குப் பின்னால் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த வயரை மறுபடியும் திருகினார்.

மகள் கணவரின் முதுகைப் பார்த்தாள். அத்தை, "காபி ஆறிப்போச்சே" என்று யாரிடமோ சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பெண் பட்டனைத் தட்டினாள். திரையின் மூலையில் எழுத்துகள் வந்தன. இன்னொரு தட்டில் அவை மறைந்து, படம் மட்டும் நின்றது. அப்பா ஏதோ கடற்கரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"நான் கிளம்பறேன் அக்கா."

"எங்கே கிளம்பறே? உக்காரு."

அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது தெருமுனையில் குடியிருக்கும் பெரியவர் தடியை ஊன்றி உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு நேராக அந்தப் பெண்ணிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகதானேம்மா? தினம் நீ வந்து போறதைப் பார்ப்பேன். அப்பாவை நல்லா பார்த்துக்கிட்டே."

அந்தப் பெண் திடுக்கிட்டு மகளைப் பார்த்தாள்.

மகள் சுவரோரமிருந்த நாற்காலியை இழுத்து வந்து, பெரியவர் உட்காருவதற்காக அவர்கள் பக்கத்தில் போட்டாள்.