ஏழு நிமிட வழக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றேகால் மணிக்கு, கொலைப் பழி சுமந்து கூண்டில் நின்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் நாயகி நீதிபதியைப் பார்த்து, "ஈரத் துண்டைக் கட்டில்மேல போட்டது யாருன்னு அவரையே கேளுங்க, கனம் கோர்ட்டார் அவர்களே" என்றாள். நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அதைக் குறித்துக்கொண்டார். படம் வெளிவந்து நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாயகியாக நடித்தவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள். மூன்றாவது மாடி வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவருக்குத் தேநீர் புரையேறியது. அவர் லிஃப்ட் மெக்கானிக். துண்டைப் போட்டவரும் அவர்தான்.

பக்கத்தில் இருந்தவர் அவர் மனைவி. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர் என்பதால் தெருவில் எல்லாருக்கும் எக்ஸ்ரே அம்மா. அந்தப் படத்தை அவர் சின்ன வயதில் தன் அம்மாவோடு மூன்று முறை பார்த்திருந்தார். அம்மா போன பிறகு வந்த ஒரு ஞாயிறு அதை டிவியில் போட்டார்கள். அன்று அவருக்கு டியூட்டி. கணவரிடம் ஒரே ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனார்: டெக்கில் கேசட்டைப் போட்டுப் பதிவு செய்து வைக்க வேண்டும், குறுக்கு விசாரணை முக்கியம், அம்மாவுக்கு உயிரான இடம். மாலையில் வந்து ஓட்டிப் பார்த்தால் நாயகி கூண்டில் ஏறுகிறாள், அடுத்த நொடி விடுதலையாகிப் படியிறங்குகிறாள், வில்லன் கையில் விலங்கு. நடுவில் ஏழு நிமிடத்தைக் காணோம். கரண்ட் போய்விட்டது என்றார் மெக்கானிக்.

எக்ஸ்ரே அம்மா டெக்கை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேசட்டை உறையில் போட்டார். அடுத்த ஞாயிறு அந்த இடம் வந்ததும் படத்தை நிறுத்தி, எழுந்து நின்று, நாற்காலியின் முதுகைக் கூண்டாகப் பிடித்துக்கொண்டு, பற்பசையை நடுவில் பிதுக்குகிறவர் பற்றி ஒரு முறையீடு செய்தார். மெக்கானிக் அரசு வக்கீலாக இரண்டு கேள்வி கேட்டார். பிறகு அவரே நீதிபதியாகி விடுதலை என்றார். வேறு வழியில்லை, தீர்ப்பு ஏற்கெனவே கேசட்டில் இருந்தது. இப்படிப் பத்தொன்பது ஆண்டுகள். வாரத்தின் சண்டை எதுவானாலும் ஞாயிறு மூன்று மணிக்கு ஒத்திப்போடப்பட்டது. மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் குரல் உயர்ந்ததில்லை. வழக்குக்கு முன்னும் பின்னும் படத்தைக் கிண்டல் செய்தார்கள். வில்லனின் ஒட்டு மீசை இடைவேளைக்குள் இடப்பக்கம் இரண்டு விரல் நகர்ந்திருக்கும். "பாவம், வீடு மாத்துது" என்பார் மெக்கானிக். புட்டியில் கொட்டை எழுத்தில் விஷம் என்று ஒட்டியிருக்கும். "பொறுப்பான ஆளுங்க, சின்னப் பசங்க இருக்கிற வீடு பாரு" என்பார் எக்ஸ்ரே அம்மா. நாயகியின் அப்பா இருமி இருமிச் சாகும்போது, "வசனத்தைக் குறைச்சு ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தா பொழைச்சிருப்பாரு" என்பார். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் அதே சிரிப்பு. மகள் கல்யாணமாகிப் போகும் வரை அடுத்த அறையில் காதைப் பொத்திக்கொண்டு வளர்ந்தாள்.

அந்த மகள்தான், கோடு விழுந்து நடுங்கும் கேசட்டைப் பார்க்கச் சகிக்காமல், முழுப் படம் உள்ள டிவிடி வாங்கி அனுப்பினாள். அதில்தான் துண்டு விவகாரம் வந்தது. முந்தைய ஞாயிறு எக்ஸ்ரே அம்மா சொன்ன வார்த்தைகள், ஒரு சொல் குறையாமல். மெக்கானிக் டிவிடி கெட்டுப்போனது என்று கடையில் மாற்றினார். மாற்றிய டிவிடியிலும் துண்டு. கடைக்காரர் புகார் சொல்ல, விநியோகஸ்தரின் ஆட்கள் கிடங்கில் தகரப் பெட்டியில் இருந்த மூலச் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். நீதிபதி குறிப்பெடுக்கும் ஃபிரேம்கள் அதிலும் தெளிவாக இருந்தன. முதலில் அங்கே என்ன இருந்தது என்று கேட்டதற்கு, ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர், தோட்டக்காரன் சாட்சி சொல்வான் என்றார். பிறகு அது வேறு படமாக இருக்கும் என்றார்.

செய்தி பரவியதும் உள்ளூர் சேனல் ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஆறு மணிக்குப் படத்தைப் போட ஆரம்பித்தது. மூன்று மணிக்கு மூன்றாவது மாடியில் பேசியதை ஆறு மணிக்கு ஊர் கேட்டது. மெக்கானிக் பொதுவான விஷயமாகப் பேசலாம், விலைவாசி மாதிரி, என்று கெஞ்சிப் பார்த்தார். "கேஸ் கேஸ்தான். மறைக்கணும்னு நினைக்கிற ஆளு செய்யாம இருக்கணும்" என்றார் எக்ஸ்ரே அம்மா. முதல் வாரம் பற்பசை மறுபடி. அடுத்து, முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்காமல் லிஃப்ட் எண்ணெயைத் தடவிக்கொண்டது. அடுத்து, நாத்தனார் வந்தால் மட்டும் மெக்கானிக் தானே தேநீர் போடுவதுபோல நடிப்பது. பட்டுப் புடவையில் விம்மிக்கொண்டே நாயகி இவற்றைச் சொல்ல, கூட்டத்தில் துணை நடிகர்கள் ச்சு ச்சு என்றார்கள்.

அதன் பிறகு மெக்கானிக்கால் வேலை செய்ய முடியவில்லை. லிஃப்டின் கூரைமேல் குந்திக் கம்பிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார், கதவிடுக்கு வழியாக ஏழாவது மாடிக் குரல் ஒன்று, "அண்ணே, துண்டைக் காயப் போட்டாச்சா?" என்று கேட்கும். வங்கிக் கட்டிடத்தின் காவலாளி அவரைக் கண்டதும் எழுந்து, "கனம் கோர்ட்டார் வர்றாரு" என்பார். அவருடைய சொந்த அக்கா போனில் அழைத்து, இனி உன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றார். ஆறாவது வாரம் மெக்கானிக் டெக்கின் வயரைப் பிடுங்கித் தன் கருவிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். இந்த வீட்டில் இனி அந்தப் படம் கிடையாது என்றார்.

அந்த ஞாயிறு ஆறு மணிக்கு நாயகி கூண்டில் ஏறி நின்றாள், பேசவில்லை. அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஏழு நிமிடம் ஆனதும் வழக்கை ஒத்திவைத்து எழுந்து போனார். படம் அத்தோடு முடிந்தது. மீதி இருபத்திரண்டு நிமிடமும், அதில் இருந்த ஒரு பாட்டும், ஒரு மாடிப்படிச் சண்டையும் இல்லாமல் போயின. நாயகி சிறையிலேயே இருந்தாள். அடுத்த வாரமும் அப்படியே. சேனலுக்குப் புகார்கள் குவிந்தன.

மூன்றாவது மாடியிலும் அதே நிலைதான். நேருக்கு நேர் சண்டை போட்டுப் பழக்கமில்லாத இருவரும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பேசுவதையே நிறுத்தினார்கள். துண்டு கட்டிலில் கிடந்தது, யாரும் கேட்கவில்லை. படம் நின்ற ஐந்தாவது வாரம் எக்ஸ்ரே அம்மா, மகள் இருக்கும் ஊரின் மருத்துவமனைக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பம் பூர்த்தி செய்து, டிவி பக்கத்தில் வைத்தார். திங்கட்கிழமை கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"கோவிச்சுக்கிட்டா போற?" என்றார் மெக்கானிக்.

"கோவிக்கவாவது ஒரு ஆள் வேணும். சண்டை போடக்கூட ஆளில்லாத வீட்டுல எதுக்கு இருக்கணும்?"

விண்ணப்பத்தில் கையெழுத்துகூடப் போட்டிருந்தது. மெக்கானிக் அதை மூன்று முறை படித்தார். ஞாயிறு மதியம் கருவிப் பெட்டியைத் திறந்து வயரை எடுத்துச் சொருகி, கேசட்டைப் போட்டார். எக்ஸ்ரே அம்மா வந்து உட்கார்ந்தார். பெட்டி கட்டும் வேலை இருக்கிறது என்றும் சொன்னார். மீசை நகர்ந்தது. "வீடு மாத்துது" என்றார் மெக்கானிக். பக்கத்தில் சிரிப்பில்லை. விஷப் புட்டி வந்தது, போயிற்று. நாயகி கூண்டில் ஏறியதும் மெக்கானிக் படத்தை நிறுத்தி, மனைவி எழுவதற்கு முன் தானே எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு நான் வக்கீல் இல்ல. அன்னைக்குக் கரண்ட் போகல. விளம்பரம் பதிய வேண்டாம்னு நிறுத்தினேன். நிறுத்திட்டு, அப்படியே தூங்கிட்டேன்."

"தெரியும்" என்றார் எக்ஸ்ரே அம்மா.

"எப்போலேருந்து?"

"அன்னைக்கு சாயங்காலத்துலேருந்து. கரண்ட் போய் வந்தா டெக்குக் கடிகாரம் பன்னெண்டு பன்னெண்டுன்னு கண்ணடிக்கும். அது பாட்டுக்குச் சரியா ஆறே முக்கால் காட்டிச்சு. தினம் நூறு பேரோட எலும்பைப் பார்க்கிறவகிட்ட வந்து கரண்டாம் கரண்டு."

மெக்கானிக்குக் கோபம் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு வரக் கூடாத கோபம்தான். பத்தொன்பது வருஷமாக அந்த ஒரு பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறேன், தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றார்.

"தூங்கினதுக்கு எவனாவது பத்தொன்பது வருஷம் பொய் சொல்லுவானா? அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வாரம் திட்டியிருப்பேன். அம்மாவை நினைச்சு ஒரு நாள் அழுதிருப்பேன். முடிஞ்சிருக்கும்." டிவியில் உறைந்து நின்ற நாயகியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் கேட்டிருந்தா நீங்க எங்கேயாவது ஓடிப்போய் முழுப் படத்தை வாங்கிட்டு வந்திருப்பீங்க. அப்புறம் எனக்கு ஏழு நிமிஷம் எங்கே கிடைக்கும்?"

மெக்கானிக் தீர்ப்புக்காக நாற்காலியைப் பிடித்தபடியே நின்றார். எக்ஸ்ரே அம்மா அவரைப் பார்த்தார். அந்த வழக்கில் முதல் முறையாக நீதிபதி வேலையையும் தானே எடுத்துக்கொண்டு, மருத்துவமனைக் குரலில், "மூச்சை இழுங்க. பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க" என்றார். மெக்கானிக் பிடித்துக்கொண்டார். வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்க வைத்த பிறகு, "விடலாம்" என்றார்.

அன்று ஆறு மணிக்கு ஊர் முழுவதும் பார்த்தது. அரசு வக்கீல் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நாயகியைக் கீழே இறங்கச் சொல்லி, தான் கூண்டில் ஏறி, தூங்கிவிட்டதாக ஒப்புக்கொண்டார். நீதிபதி அவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பல வீடுகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு நாயகி விடுதலையாகிப் படியிறங்கினாள். விஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கப்படாமலே வில்லன் கைதானான். இருபத்திரண்டு நிமிடமும் பாட்டோடு திரும்பி வந்தன. மறுநாள் வங்கிக் காவலாளி மெக்கானிக்கைக் கண்டதும் எழுந்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவது மாடிக்காரர் மட்டும், தானும் ஒரு முறை அப்படித் தூங்கியிருப்பதாகக் கதவிடுக்கு வழியாகச் சொன்னார்.

மாறுதல் விண்ணப்பத்தை மெக்கானிக் நான்காக மடித்து, டெக்கின் கட்டையான காலுக்கு முட்டுக் கொடுத்தார். அதன் பிறகு படம் நடுங்குவது குறைந்தது. செவ்வாய்க்கிழமை ஈரத் துண்டு மறுபடியும் கட்டில்மேல் கிடந்தது. எக்ஸ்ரே அம்மா அதைத் தொடவில்லை; சாட்சிப் பொருள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். உள்ளூர் சேனல் தன் நிகழ்ச்சிப் பட்டியலில் இப்போதெல்லாம் அந்தப் படத்தின் பெயரோடு, வழக்கு வாரத்துக்கு வாரம் மாறும் என்று ஒரு வரி சேர்த்துப் போடுகிறது. மீசையும் இன்றுவரை இடைவேளைக்குள் இரண்டு விரல் நகர்கிறது.