மேஜைக்குள் ஒருவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வார இதழ் என்னிடம் கேட்டது காதல் கதை. கதாநாயகி செஞ்சி பேருந்து நிலையத்தில் சேத்துப்பட்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். 'அவள் கைப்பையைத் திறந்து' என்று எழுதும்போது என் மேஜை 'கர்ர்' என்றது.

பேனாவை நிறுத்தினேன். சத்தமும் நின்றது. எழுதினேன். 'கர்ர்.'

கதாநாயகி இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். பஸ் வராததற்கு நான் பொறுப்பல்ல. [செஞ்சிக்காரர்கள் இதை நம்புவார்கள்.]

2

தொடக்கம் ஒன்று: 'ராஜகிரியின் உச்சியில் மாலை வெயில்...' அடித்துவிட்டேன். செஞ்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாரும் கோட்டை மேல்தான் ஏறுகிறார்கள். இந்தக் கதையில் யாரும் மாடிப்படிக்கு மேல் ஏறப்போவதில்லை.

தொடக்கம் இரண்டு: 'மரவேலை என்பது பொறுமையின்...' வேண்டாம். இதைப் படித்தால் நானே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

தொடக்கம் மூன்று: ரிஷபன் அண்ணன் இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவார்.

இது உருப்படும். ரிஷபன் அண்ணனுக்குக் கடைவீதியில் பாத்திரக் கடை. கீழ்வீட்டில் அவர் குடும்பம். மாடியில் வாடகைக்கு நான். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகக் கூடாது என்று, பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாத சமணக் குடும்பம். ஊரெல்லாம் அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்தில் அவர் கைகழுவி முடித்திருப்பார். அப்புறம் அத்தனை நீளமான மாலையை என்ன செய்வது? கைப்பேசியில் மரவேலை வீடியோ பார்த்தார். கொல்லைப்புறத்து ஷெட்டில் ரம்பமும் இழைப்புளியும் வந்து சேர்ந்தன.

முதலில் செய்தது சுவர் அலமாரி. பலகைகளைப் பசை போட்டு ஒட்டும்போது, அவற்றை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கிளாம்புக்கு அடியில் காகிதம் வைக்க மறந்துவிட்டார். கிளாம்பும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அலமாரி இன்றும் கிளாம்போடுதான் சுவரில் இருக்கிறது. அவர் மனைவி அனந்தி அக்கா அதில் குடை மாட்டுகிறார்.

இரண்டாவது, நான் எழுதும் இந்த மேஜை. எங்கோ பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய மாம்பலகை. ஆடவில்லை, சாயவில்லை. மேற்பரப்பில் கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது.

3

அனந்தி அக்காவுக்கு இந்த மரவேலையே பிடிக்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தொடர்கதை எழுதிய கை. கதையின் முதல் வரைவில் அவரை வில்லியாக்கிவிட்டேன். 'அனந்தி சொம்பை வீசி எறிந்தாள்' என்று ஒரு வரி. சுண்டல் கொடுக்க வந்தவர் அதைப் படித்துவிட்டார்.

"நான் எப்போ சொம்ப வீசுனேன்?"

"கதைக்காகக்கா."

"நசுங்குன சொம்ப கடையில யாரு வாங்குவா? அத அடிச்சிடு. நான் சொல்ல வந்தது வேற."

"இன்னா சொல்ல வந்தீங்க?"

"குடிக்கிற தண்ணிய துணியில வடிகட்டுறேன், அந்தத் துணியிலயும் மரத்தூளு. சரி, போவட்டும். என் தம்பி வர்த்தமான் மல்லாட்டை மூட்டை போட ஷெட்ட கேட்டுக்குனு இருக்கான். நான் இன்னும் பதில் சொல்லல. மேஜை நல்லா வந்திருந்தா ஷெட்டு இவருக்கு. ஆனா ஒண்ணு. மரம்னா உள்ள பூச்சி பொட்டு இருக்கும். இவரு கையால ஒரு உசுருக்கு எதனா ஆச்சுன்னா அன்னிக்கே ஷெட்ட கடலை மூட்டைக்கு விட்டுடுவேன். ஞாயித்துக்கிழமை தம்பி வரான். நானும் மேல வந்து மேஜைய பாக்குறேன்."

வில்லியை அடித்துவிட்டேன். சொம்பு அலமாரிக்குத் திரும்பிவிட்டது.

4

அக்கா கீழே போனதும் மேஜை மறுபடி 'கர்ர்' என்றது. மாலையில் அண்ணனிடம் விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"உங்க மேஜை பேசுதுண்ணே."

அவர் வந்து மேஜையில் காதை வைத்தார். முகம் மாறிவிட்டது.

"உள்ள ஒருத்தர் இருக்காரு, ரைட்டரம்மா."

மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு. உள்ளேயே தின்று, உள்ளேயே வளர்ந்து, சிறகு முளைத்ததும் வெளியே வரும்.

"பலகையில ரெண்டு சின்ன ஓட்டை இருந்துச்சி," என்றார். "பழைய ஆணி ஓட்டைன்னு நெனச்சிட்டேன். மரத்தூள பசையில கொழச்சி அடச்சி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சி, பாலீஷும் போட்டுட்டேன். அவரு வாசல்ல நானே பூட்டு போட்டுட்டேனே."

"அந்த ரெண்டு அடைப்பையும் தோண்டி எடுத்துடுங்க."

தேடினார். டார்ச் அடித்தார். நகத்தால் தடவினார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அடச்சேன்னே தெரியல. வாழ்க்கையில மொத தடவையா ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சேன்."

5

[டிரில்லிங் மெஷின் வைத்திருக்கிறாரே என்று கேட்கும் வாசகருக்கு: நானும் கேட்டேன். "எங்க இருக்காருன்னு தெரியாம ஓட்டை போட்டா, அவரு தலையிலயே எறங்கிடாதா?" என்றார். மெஷினை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.]

"அக்காகிட்ட சொல்லிடுங்களேன்."

"சொன்னா ஷெட்டு போயிடும். சொல்லலன்னா தூக்கம் போயிடும். நீ கதைதானே எழுதுற, அதுலயாவது அவர வெளிய வுட்டுடு."

வாசகரே, முயன்றேன்.

முடிவு அ: வண்டு பறக்கிறது, அக்கா கண் கலங்குகிறார், ஷெட்டில் விளக்கு எரிகிறது. இதழுக்குப் பிடிக்கும். ஆனால் வண்டு எந்த வழியாக வெளியே வந்தது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

முடிவு ஆ: ஹார்டுவேர் கடை கோதண்டராமன், "ஊசியில மருந்த ஏத்தி வுடுங்க, ரெண்டு நிமிஷ வேலை" என்று ஊசியை நீட்டுகிறார். அண்ணன் அதை வாங்கினார் என்று எழுதினேன். அவர் வாங்கவில்லை. மறுபடி எழுதினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என் கதைதான், ஆனால் கை அவருடையது.

முடிவு இ: அக்கா மேஜையைப் பார்த்து, 'நல்லாதான் இருக்குது' என்கிறார். அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து

இதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

6

இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பகுதியை யோசித்து எழுதவில்லை; நடக்க நடக்க எழுதுகிறேன்.

காலையில் காபியோடு வந்து உட்கார்ந்தால், மேஜையின் நட்டநடுவில் கடுகு நுழையும் அளவில் ஒரு துளை. சுற்றிலும் ரவைபோல் கொஞ்சம் மரத்தூள். பேருந்து நிலையத்தில் நிற்கும் என் கதாநாயகியின் வரிமேல் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன வண்டு நடந்துகொண்டிருந்தது. கமா ஒன்றைத் தாண்டியது. ஜன்னலைத் திறந்தேன். போய்விட்டது.

அண்ணனைக் கூப்பிட்டேன். துளையைப் பார்த்து, குழந்தை பிறந்த வீட்டுக்காரர்போல் சிரித்தார். அவர் அடைத்த வாசலை விட்டுவிட்டு அது வேறு வாசல் வைத்துக்கொண்டு போயிருக்கிறது. கீழே ஓடிப்போய், பசையும் மரத்தூளும் குழைத்த கிண்ணத்தோடு திரும்பி வந்தார்.

"அவருதான் கெளம்பிட்டாரே. இத அடச்சி தேய்ச்சிட்டா உங்க அக்காவுக்குத் தெரியவே தெரியாது."

குச்சியில் பசையை எடுத்துத் துளைக்கு மேலே கொண்டுபோனார்.

'கர்ர்.'

இரண்டு பேரும் மேஜையைப் பார்த்தோம்.

"அடச்சது ரெண்டு ஓட்டையாச்சே," என்றார் மெதுவாக. குச்சியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டார்.

அடைத்தால் இன்னொருவர் உள்ளே மாட்டிக்கொள்வார். அடைக்காவிட்டால் அக்கா பார்த்துவிடுவார். கீழே வர்த்தமான் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. படியில் அக்காவின் மெட்டிச் சத்தம்.

"ரைட்டரம்மா, எதனா பண்ணு."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எழுதிக்கொண்டிருந்த தாளை நகர்த்தித் துளைமேல் வைத்தேன்.

அக்கா உள்ளே வந்துவிட்டார். மேஜையின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறார். குனிந்து கால்களைப் பார்க்கிறார். "நல்லாதான் இருக்குது," என்கிறார். அண்ணனால் சந்தோஷப்பட முடியவில்லை. எப்போது 'கர்ர்' வருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பசைக் கிண்ணம் அவர் முதுகுக்குப் பின்னால்.

"இன்னா எழுதுற, என்னப் பத்தியா?" என்று அக்கா என் தோளுக்கு மேல் குனிகிறார். "திருப்பு, பாக்கலாம்."

வாசகரே, துளைமேல் இருப்பது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தாள்தான். நான் கையை எடுத்துவிட்டேன். பக்கத்தைத் திருப்புவதா, இப்படியே விடுவதா என்பது உங்கள் கையில்.