செருப்பைக் கழற்றிய நீதிபதி

அன்று முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள், பெண் கேட்டு வந்த பையன், அவனுடைய தாய், தகப்பன். வேறு யாரும் இல்லை. ஆனால் மறுநாள் தெருவே நேரில் பார்த்ததுபோல் பேசியது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் தம்பி ஓய்வுபெற்ற நீதிபதி. அவன் இருமினாலே வக்கீல்கள் எழுந்து நிற்பார்கள். ஓய்வுக்குப் பிறகு வேதாகமத்தோடு உட்கார்ந்தான். அதில் தவறில்லை, எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வாசித்தவர்கள்தாம். ஆனால் நாங்கள் வாசித்துவிட்டு மூடி வைத்தோம். இவனோ, எரியும் முட்செடிக்குள்ளிருந்து கடவுள் செருப்பைக் கழற்றச் சொல்லும் இடத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டான்.

"அது தோல் செருப்பு இல்லண்ணா. 'நான் இன்னார்'னு மாட்டிக்கிட்டுத் திரியிறோமே, அது. அதோட உள்ளே போக முடியாது."

"சரிடா. உன் மக கல்யாணம் முடியட்டும், அப்புறம் கழட்டு" என்றேன். அவன் கேட்கவில்லை. பையன் வீட்டார் வரும் நாளன்று காலையிலேயே வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டான். வந்தவர்கள் வீடு தெரியாமல் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

பையனின் தகப்பன் ஒரு பெரிய நிறுவனத்தின் மேலாளர். உட்காரும் முன்பே அதைச் சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிறகு தம்பியிடம், "சார் ஜட்ஜா இருந்தவரில்ல?" என்றார்.

"இல்லீங்க. நான் யாருமில்ல."

தம்பி மனைவி அவசரமாக அவர் கையில் தேநீர்க் கோப்பையைக் கொடுத்தாள். "ஜட்ஜ்தான். தன்னடக்கம்" என்றேன் நான்.

"அந்த ஆள் செத்துட்டான்ணா" என்றான் தம்பி, சாந்தமாக.

"எப்போ? எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றாள் பையனின் தாய்.

தம்பி மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பையனைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வருடம் எங்கள் எல்லோரிடமும் மல்லுக்கு நின்றவள். "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் ஜட்ஜா இருந்துட்டுப் போயேன்ப்பா."

தம்பி அவள் தலையைத் தடவினான். "இல்லாததைக் காட்டி உன்னை எப்படிம்மா கட்டிக்கொடுப்பேன்?"

பையனின் தகப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். "நானும்தான் சார்."

"என்ன, நீங்களும்தான்?" என்றாள் அவர் மனைவி.

"மேலாளர் இல்ல. வேலை போயி மூணு மாசமாச்சு. காலையில கிளம்பிப் போய் நூலகத்துல உட்கார்ந்துட்டு வர்றேன்."

பையன் வாய்பிளந்து பார்த்தான். தாய் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "அதான் தினம் ராத்திரி உலகச் செய்தியெல்லாம் ஒப்பிச்சீங்களா! வீட்டுக்கு வாங்க, வச்சுக்கறேன்" என்றாள்.

அவர் எழுந்து தம்பியின் பக்கத்து நாற்காலிக்கு மாறினார். பள்ளிக்கூடம் விட்ட பையன்கள்போல் இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது யாராவதா?"

"ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்" என்றேன்.

"அப்பாடா. தேதியை இவர்கிட்டயே பேசிக்கலாம்."

அன்று எங்கள் வீட்டில் மூன்று கிழவர்கள் பதவியைத் துறந்ததாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. இரண்டு பேர்தான். நான் கடைசிவரை முதுகு வளையாமல் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.