ஓடிய மோட்டார்

தலத்தெரு அரசுப் பட்டறையில் நான் அப்ரண்டிஸ். வாரத்தில் ஐந்து நாள் சம்பளத்தோடு வேலை, சனிக்கிழமை வகுப்பு. ரிப்பேர் பழகுவதற்கென்று கிணற்றடியில் பழுதான பம்ப் மோட்டார் ஒன்று இருந்தது. ஒன்பது வருடமாக எல்லா பேட்சும் அதைத்தான் கழற்றி மாட்டியிருக்கிறது.

இரண்டாவது சனிக்கிழமையே காயிலைப் புதிதாகச் சுற்றி ஓடவிட்டேன். தொட்டியில் தண்ணீர் கொட்டியது. வகுப்பெடுக்கும் தெட்சிணாமூர்த்தி சார் பதறி ஓடிவந்தார்.

“என்ன காரியம் பண்ணிட்ட சலோமி! அடுத்த பேட்ச் எதை ரிப்பேர் பாக்கும்?”

“வேற பழுதான மோட்டார் வாங்குங்க சார்.”

“கவர்மெண்டுல புதுசுதாம்மா வாங்க முடியும்.”

“அப்ப இதையே திரும்பக் கெடுத்துடவா?”

“கெடுக்கறது சிலபஸ்ல இல்லையே!”

மறுவாரம் எனக்கு மெமோ வந்தது: ‘பயிற்சிச் சாதனத்தைப் பயனற்றதாக்கியது ஏன்?’

அதை என் கையில் கொடுத்துவிட்டு, சார் அந்தத் தொட்டித் தண்ணீரில் நிதானமாக முகம் கழுவினார்.