நம்ம கட்டடம்

சிஸ்டர் ஜெசிந்தா என்னை ஏமாற்றியது ஒரே ஒரு சொல்லால்தான். 'நம்ம' என்ற சொல்.

ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் கன்னியர் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரைதான் உண்டு. அதற்குமேல் படிக்கக் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏற வேண்டும். என் மகள் சுவேதா அப்போது பத்தாவது. "பொட்டப்புள்ளய பஸ்ஸுல அனுப்ப மாட்டேன், பத்தோட போதும்" என்று என் வீட்டுக்காரர் மாதேஷ் முடிவாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் தலைமையாசிரியையான சிஸ்டர் புதுக் கட்டடம் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

"பிளஸ் ஒன் வருங்களா சிஸ்டர்?"

"வரும்மா. எல்லாம் நம்ம பிள்ளைங்களுக்குத்தானே."

சிஸ்டருக்கு மைசூர் பக்கம். தமிழ் இங்கே வந்து கற்றுக்கொண்டது. அவர் 'நம்ம' என்றால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். கம்பெனியில் ஆறு நாள் ஷிப்ட் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே மணல் சுமந்தேன். வர மாட்டேன் என்ற பெண்களை வீடு வீடாகப் போய் இழுத்து வந்ததும் நான்தான். பக்கத்து வீட்டு நாராயணம்மா முட்டி வலியோடு வந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அதற்காக மாதா எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. மார்ச்சில் கான்கிரீட் போட்ட அன்று நாற்பது பேர் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றினோம். சிஸ்டரும் அங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார். "நம்ம கட்டடம்!" என்று அவர் குரல் கொடுக்க, கை வலியே தெரியவில்லை.

ஜூன் மாதம் நன்றி விழா. பெற்றோர் சார்பில் நன்றியுரை நான் வாசிக்க வேண்டும். சிஸ்டரே எழுதிக் கொடுத்திருந்தார். ஃபாதர் ரிப்பன் வெட்டி, கதவுக்கு மேலிருந்த துணியை விலக்கினார். 'மழலையர் பிரிவு, ஆங்கில வழி' என்றிருந்தது. மற்ற இரண்டு அறைகளிலும் அதேதான்.

ஓடிப்போய் சிஸ்டரைப் பிடித்தேன். "பிளஸ் ஒன் எங்கங்க சிஸ்டர்?"

"அது இல்லம்மா. நம்ம கன்னியர் சபையில ஜனவரியிலயே முடிவு பண்ணிட்டாங்க."

"மார்ச்சுல கான்கிரீட் போட்டமே. அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்ம சபையாம்! அந்தச் சபையில் நான் எங்கே இருக்கிறேன்?

கன்னடக்காரியான நாராயணம்மா என் கையைப் பிடித்தாள். "சிஸ்டர் பேசற எங்க கன்னடத்துல, எங்களுதுன்னாலும் நம்மதான், எல்லாருதுன்னாலும் நம்மதான் ராஜி. அதுல நீயும் சேர்த்தியான்னு கேட்டுக்கணும். எனக்கே தோணல பாரு."

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். தாளைப் பிரித்தேன். 'நம் பள்ளி' என்று எழுதியிருந்த இடத்தில் "உங்கள் பள்ளி" என்று வாசித்தேன். "உங்கள் கட்டடத்தில் உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். மண் சுமக்க எங்களையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி." எங்கள் பெண்கள் ஒருவரும் கை தட்டவில்லை.

சிஸ்டர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். "நம்ம ராஜலட்சுமி எவ்வளவு நல்லா பேசினாங்க!"

பந்தலுக்கு வெளியே சுவேதா அழுதுகொண்டு நின்றாள். பக்கத்தில் மாதேஷ்.

"அதான் இல்லன்னுட்டாங்கல்ல. நம்ம பொண்ணு பத்தோட நிக்கட்டும்" என்றார்.

அந்தச் சொல்லை இன்னொரு முறை என்னால் தாங்க முடியவில்லை.

"நம்ம பொண்ணு நிப்பாளோ என்னமோ" என்றேன். "என் பொண்ணு நாளைக்கு பஸ் ஏறுவா."