பாதுகாவலர் எண்: விருப்பமிருந்தால் தரலாம்

மூன்றாம் மாடி மென்பொருள்காரிக்கு அந்தக் குடியிருப்பு முழுவதும் சட்டாம்பிள்ளை என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை. வண்டியைக் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருக்கும். குப்பையைப் பிரிக்காமல் போட்டால், பையைப் பார்த்தே எந்த வீட்டுக் குப்பை என்று சொல்லிவிடுவாள். கட்டின கணவனே ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டு, திருடன் மாதிரி திரும்பி வந்து எடுத்துக் காயப்போடுகிற வீடு அது.

அப்படிப்பட்டவள் ஒரு தப்பைச் செய்துவிட்டு முழிக்கிறாள் என்றால், யாருக்குத்தான் காது நீளாது?

தப்பு நடந்தது அவள் அலுவலகத்தில். அவள் கம்பெனி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இதற்கெல்லாம் நேரம் பதிவு செய்கிற மென்பொருளை நடத்துகிறது. வெளிக் கம்பெனிகள் தங்கள் செயலிகளிலிருந்து பதிவுகளை அங்கே அனுப்பும். வருவதையெல்லாம் வா வா என்று உள்ளே விட்டுவிட முடியுமா? பெயர் இருக்கிறதா, பிறந்த தேதி தேதி மாதிரி இருக்கிறதா என்று வாசலிலேயே சோதிக்க விதிகள் உண்டு. ஸ்கீமா என்பார்கள். அவை கம்பெனியின் நிரலுக்குள்ளே கிடப்பவை. வெளியார் கண்ணில் படாது. எதைக் கட்டாயம் அனுப்ப வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று வெளியாருக்குச் சொல்வதற்கு, எல்லாருக்கும் பொதுவான ஒரு வடிவத்தில் ஏபிஐ ஆவணம் என்று ஒன்று இருக்கிறது. அதை நம்பித்தான் வெளியே இருப்பவர்கள் வேலை செய்கிறார்கள்.

முன்பெல்லாம் அந்த ஆவணத்தைக் கையால் எழுதினார்கள். விதி ஒரு பக்கம் மாறும், ஆவணம் ஒரு பக்கம் தூங்கும். சட்டாம்பிள்ளைக்குப் பொறுக்குமா? ஸ்கீமாவைத் தானே படித்து ஆவணத்தைத் தானே எழுதிக்கொடுக்கும் 'மாற்றி' என்றொரு நிரலை உருவாக்கினாள். இனிமேல் தப்பே வராது என்று கூட்டத்தில் எழுந்து சொல்லவும் செய்தாள். அந்த வாய்தான் பிறகு வலித்தது.

ஏனென்றால், எல்லா விதியும் அந்தப் பொது வடிவத்துக்குள் அடங்கவில்லை. 'இது எழுத்தாக இருக்க வேண்டும்', 'இது எண்ணாக இருக்க வேண்டும்' என்பவை சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன. 'நோயாளிக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் பாதுகாவலரின் தொலைபேசி எண் கட்டாயம்' என்பது போன்றவை முரண்டு பிடித்தன. பிறந்த தேதியை வாங்கி, இன்றைய தேதியோடு கணக்குப் போட்டு, இன்னொரு கட்டத்தைப் பார்க்கிற விதி அது. யாரோ தனி நிரலாக எழுதிவைத்தது. அதற்கு அந்த வடிவத்தில் இடமே இல்லை. மாற்றி ஒவ்வொன்றிலும் நின்று, 'இதை என்னால் சொல்ல முடியாது' என்று சிவப்பில் கத்தியது. திரை பூராவும் சிவப்பு. அந்த இடங்களில் எல்லாம் ஆள் உட்கார்ந்து விளக்கத்தைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும்.

மறுநாள் மேலிடத்துக்குக் காட்ட வேண்டிய நாள். மாற்றியில் ஒரு சுவிட்ச் உண்டு, அவளே வைத்தது. அதைத் திருப்பினால் சொல்ல முடியாத விதியைக் கண்டதும் மாற்றி கத்தாது. சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். திருப்பினாள். திரை பச்சையாயிற்று. ஆவணத்தில் அந்த இடத்தில் 'பாதுகாவலர் தொலைபேசி எண்: விருப்பமிருந்தால் தரலாம்' என்று வந்து உட்கார்ந்தது. அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்தவர் யாராவது அப்புறம் என்று சொல்லியிருந்தால் அவர் கழுத்தில் கத்தி வைத்திருப்பாள்.

கைதட்டல் வாங்கினாள். மறந்தும் போனாள். சில மாதங்கள் ஓடின.

அவள் வீட்டிலேயே, பின்பக்க அறையில், கணவனின் தங்கை தங்கியிருந்தாள். செயலிகள் செய்துகொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண். இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. வேலை நிலைக்குமா என்பது அந்த வார முடிவில்தான் தெரியும். வீட்டில் உரக்கச் சிரிக்கிற ஒரே ஆள் அந்த நாத்தனார்தான். அண்ணியைப் பற்றி அவளுக்கு வாய் நிறையப் பெருமை. "எங்க அண்ணி பாத்துட்டாங்கன்னா கம்ப்யூட்டரே எழுந்து நிக்கும்" என்று கீழ்வீட்டு அம்மாளிடம் சொன்னதாகக் கேள்வி.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் நாத்தனார் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணி, கொஞ்சம் பாருங்களேன். ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆப் பண்ணிக் குடுத்தோம்ல, அதுல குழந்தைங்களுக்கு டெஸ்ட் புக் பண்ணா திருப்பி அனுப்பிடுது. பெரியவங்களுக்குப் போகுது. நான் என் பேரு, அண்ணன் பேரு போட்டுத்தான் சோதிச்சேன், எல்லாம் போச்சு. இப்ப பெத்தவங்க எல்லாம் கத்தறாங்களாம்."

"என்ன சொல்லித் திருப்பி அனுப்புது?"

"'கோரிக்கை செல்லாது.' அவ்வளவுதான். ஏன்னு சொல்லித் தொலைக்க மாட்டேங்குது. எங்க ஓனர் நான் ஆவணத்தைச் சரியாப் படிக்கலன்னு சொல்றார். உங்க கம்பெனி ஆவணம்தானே அண்ணி, வரிவரியாப் படிச்சேன். நீங்களே பாருங்க."

சட்டாம்பிள்ளை பார்த்தாள். 'விருப்பமிருந்தால் தரலாம்.' பார்த்த அந்த நொடியிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மேலும் கீழும் பக்கத்தை நகர்த்திக்கொண்டிருந்ததெல்லாம் சும்மா, விரலுக்கு ஒரு வேலை வேண்டுமே என்று.

"இதை எழுதினவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"பெரிய கம்பெனி. அது வேற டீமா இருக்கும்."

"ஆவணத்துல தப்பு இருக்குமோ?"

இங்கேதான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய பேச்சு குறுக்கே வந்து நின்றது போலிருக்கிறது. "ஆவணம் சரியாத்தான் இருக்கும். அது தானா எழுதறது. நீதான் எங்கேயாவது விட்டிருப்பே, மறுபடி பாரு" என்றாள்.

அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அண்ணன்காரன் தட்டைக் கழுவியபடி, "பாவம், நீ பாத்ததும்தான் அவளுக்குத் தெம்பு வந்துது" என்று சொல்லிவைத்தான். எரிகிற இடத்தில் எண்ணெய் விடுவதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். அவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

மறுநாள் காலை அந்த வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. நாத்தனாரின் சட்டைகளைச் சட்டாம்பிள்ளை இஸ்திரி போட்டாள். காப்பி கலந்து அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். குளியலறைத் தரையில் கிடந்த முடியைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. "அண்ணிக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று தங்கை அண்ணனைக் கேட்டாளாம்.

அலுவலகத்துக்குப் போனதும் நேரே டீம் லீடரிடம் போய் நின்றாள். அவர் எதற்கும் பதறாத மனிதர். தீப்பிடித்தால்கூட முதலில் கோப்பையைக் கழுவிவிட்டுத்தான் வெளியே வருவார்.

"சார், மாற்றி கொஞ்சம் விதிகளை விட்டுட்டிருக்கு. நான்தான் சுவிட்சத் திருப்பி வச்சேன். வெளியில ஒரு கம்பெனி மாட்டிக்கிட்டிருக்கு."

"எத்தனை இடம்?"

"நிறைய."

"அவசரமானத மட்டும் கையால சேத்துடுங்க. மீதிய மெதுவாப் பாக்கலாம்."

"ஆவணம் தப்பா இருந்துதுன்னு ஒரு அறிவிப்பு போட வேணாமா?"

"நாமளே போய்ப் பொதுவுல தப்புன்னு எழுதி மாட்டிக்கணுமா என்ன? சேத்துட்டு விடுங்க மேடம். இனிமே யாரு பாத்தாலும் அந்த வரி இருக்கும், அவ்வளவுதானே."

அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. 'பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இது கட்டாயம்' என்று தடித்த எழுத்தில் சேர்த்து, மத்தியானத்துக்குள் ஆவணத்தை ஏற்றிவிட்டாள். இனி நாத்தனார் பார்ப்பாள், புரிந்துகொள்வாள், சரிசெய்வாள், சிக்கல் தீர்ந்தது. யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மனசு லேசாகி, வருகிற வழியில் பழம்கூட வாங்கிக்கொண்டு வந்தாள்.

நாத்தனார் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. அண்ணன் பக்கத்தில் தண்ணீர்க் குவளையோடு நின்றான், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாதவன் மாதிரி.

"என்ன ஆச்சு?"

"ஓனர் எல்லார் முன்னாடியும் அந்தப் பக்கத்தைத் திறந்தார் அண்ணி. இருக்கு. தடிச்ச எழுத்துல இருக்கு. 'கண்ணு தெரியலையா, இவ்வளவு பெருசாப் போட்டிருக்கு, இதைக்கூடப் படிக்காத ஆள எப்படி வச்சுக்கறது'ன்னு கேட்டார். நான் என்னத்தச் சொல்ல? என் கண்ணு முன்னாடி இருக்கே."

சட்டாம்பிள்ளை பழப் பையைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் என்றைக்கு எந்த வரி சேர்ந்தது என்று எங்கும் போடுவதில்லை. பார்ப்பவனுக்கு அந்த விதி ஆதிகாலத்திலிருந்தே அங்கே குந்தியிருப்பதாகத்தான் தோன்றும். கையைக் கொடுத்துத் தூக்குவதாக நினைத்துக்கொண்டு, கழுத்தைப் பிடித்து அழுத்தியிருக்கிறாள்.

"நான் மன்னிப்புக் கேட்டுட்டேன்" என்றாள் நாத்தனார். "படிக்காம விட்டுட்டேன்னு ஒத்துக்கிட்டேன். ஆனா அண்ணி, எனக்கு பயமா இருக்கு. எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? அந்த வரி என் கண்ணுல படவே இல்ல. எனக்கு மூளை கலங்கிப் போச்சா? நீங்களும்தானே பாத்தீங்க. நேத்து அந்த வரி இருந்துதா?"

ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரே ஒரு சொல். அண்ணன்காரன் சமாதானப் பேர்வழி. "சரி விடு, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று ஆரம்பித்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு பாதியில் நின்றது.

"இல்ல" என்றாள் அவள். "நேத்து இல்ல. இன்னைக்கு மத்தியானம் நான்தான் சேத்தேன்."

"நீங்களா?"

"அந்த ஆவணத்தை எழுதறது என்னோட நிரல்தான். வேற டீம்னு சொன்னது பொய்."

நாத்தனார் அண்ணியின் கையில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"மேசையில உக்காந்து பாத்தீங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் நான்தான் விட்டிருப்பேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

சண்டை வரும் என்று அண்ணன்காரன் காத்திருந்தான். வரவில்லை. நாத்தனார் போனை எடுத்து முதலாளியின் எண்ணைத் தட்டி, அண்ணியிடம் நீட்டினாள். "பேசுங்க."

பேசினாள். எதிர்முனையில் அந்த மனிதர், "வாயால சொன்னா எனக்குப் பத்தாதுங்க. ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நான் பதில் சொல்லணும். எழுத்துல குடுங்க" என்று வைத்துவிட்டார். டீம் லீடர் வேண்டாமென்று சொன்னதே அந்த எழுத்தைத்தான். அதை எழுதினால் நாளைக்கு யார் முகத்தில் எப்படி விழிப்பது என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்தாள். நாத்தனார் பின்னால் நின்று திரையைப் படித்தாள்.

'ஆவணத்தில் ஒரு சிறு விடுபடல் நேர்ந்திருந்தது' என்று வந்தது.

"சிறுன்னு எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

அவள் அதை அழித்தாள்.

"நேர்ந்திருந்ததுன்னா தானா நேர்ந்துதா?"

அதையும் அழித்தாள். 'விதிகளை விட்டுவிடும்படி நிரலை அமைத்தது நான். ஆவணத்தை நம்பி வேலை செய்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை' என்று எழுதி, தன் பெயரைப் போட்டு, முதலாளிக்கு அனுப்பினாள்; தன் டீம் லீடருக்கும் ஒரு பிரதி போனது. அவள் அனுப்பி முடித்ததும் நாத்தனார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அறைக்குள் போனாள். பழத்தை அன்றைக்கு யாரும் தொடவில்லை.

டீம் லீடர் கத்தவெல்லாம் இல்லை. "அவசரப்பட்டுட்டீங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாற்றியை வேறொருவர் பொறுப்பில் கொடுத்துவிட்டார். சுவிட்ச் பழையபடி திருப்பப்பட்டது. சிவப்பு வரிகளுக்கெல்லாம் கையால் விளக்கம் எழுதுகிற வேலை அவளுக்கே வந்தது. அதை அவள் முணுமுணுக்காமல் செய்தாள்.

நாத்தனாரின் வேலை நிரந்தரமான செய்தி அண்ணனுக்கு முதலில் தெரிந்தது. கீழ்வீட்டு அம்மாளுக்கு இரண்டாவதாகத் தெரிந்தது. சட்டாம்பிள்ளைக்கு லிஃப்டில்தான் தெரிந்தது, அதுவும் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்க்கொண்டிருந்த அந்த அம்மாள் சொல்லி.

"நாத்தனாருக்கு வேலை நிரந்தரமாயிடுச்சாமே. சந்தோஷம். நீங்கதான் ஏதோ எழுதிக் குடுத்துக் காப்பாத்தினீங்களாமே. எல்லாருக்கும் இப்படி ஒரு அண்ணி அமையுமா?"

அந்த அம்மாள் காதில் விழுந்தது மொட்டை மாடி வரை போய்ச் சேர லிஃப்டுகூடத் தேவையில்லை என்பது குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். சட்டாம்பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். சிரித்து மழுப்பிவிட்டு இறங்கியிருக்கலாம். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது, அவள் இறங்கவில்லை. மூடாதபடி கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் காப்பாத்தலைங்க" என்றாள். "அவ வேலைக்கு உலை வச்சதே நான்தான். தெரிஞ்சும் ஒரு நாள் பூரா அவ மேலயே பழியப் போட்டு வச்சிருந்தேன். யாராவது கேட்டா அப்படியே சொல்லுங்க."

கீழ்வீட்டு அம்மாள் வாயைத் திறந்தாள். கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. அதற்குள் அவள் கையை எடுத்துக்கொண்டு தன் வீட்டை நோக்கி நடந்தாள். உள்ளே நாத்தனார் யாரிடமோ போனில் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தது வராந்தா வரை கேட்டது. சாவியைக் கதவில் போட்டதும் அந்தச் சிரிப்பு நின்றது.