தூ துருவா

திங்கட்கிழமை விடியற்காலை. அம்மாவாசை கோரிமேட்டுச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோது, திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் கையை நீட்டி மறித்தார்.

"யாருக்குப்பா? இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல."

"அப்பறம் ஏன் இப்பிடி ஓடற?"

"சும்மாதான்."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். கூட வந்த அம்மாளிடம், "பாவம், தலைக்கு வைத்தியம் பாக்க வந்த புள்ள போல இருக்குது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "சரி, ஓ.பி. எந்தப் பக்கம்?" என்றார்.

"நேரா போங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடம் அது. ஓடுகிறவனைக் கண்டால் அவன் ஏதோ உயிர் போகிற காரியமாகத்தான் ஓடுகிறான் என்று அவர்களுக்குத் தோன்றும். தினமும் மூன்று பேராவது மறித்தார்கள். நின்று பதில் சொல்லித் திரும்ப ஓடத் தொடங்கும்போது மூச்சு கலைந்திருக்கும். அம்மாவாசை ஓட வந்ததே யாரோடும் பேசாமல் இருப்பதற்குத்தான். ஓடுகிற நேரத்தில்தான் அவனுக்குத் தன் மூச்சு கேட்கும். அதையும் கேட்க விடமாட்டேன் என்கிறது ஊர்.

ஆனால் இந்த வாரம் நின்றுவிட முடியாது. மில்லில் அவன் நாலு வருஷமாகப் பதிலி. நிரந்தர ஆள் யாராவது வராமல் போனால்தான் அவனுக்கு வேலை. விடிந்ததும் கேட்டில் போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கிராஸ் கண்ட்ரி ஓட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வரும் பதிலியை நிரந்தரமாக்கி மில் அணியில் சேர்த்துக்கொள்வதாக மேனேஜர் போர்டில் எழுதிப் போட்டிருந்தார். பன்னிரண்டு கிலோமீட்டர். செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, ஏரிக்கரை, மறுபடியும் கோரிமேட்டு மைதானம்.

செவ்வாய்க்கிழமை மில் கொடுத்த கேன்வாஸ் ஷூ வந்தது. ஒரு நம்பர் சின்னது. புதன்கிழமை கட்டைவிரல் நகம் கறுத்தது.

"நகம் போனா முளைக்கும். வேலை போனா முளைக்குமா?" என்றாள் அவன் மனைவி அஞ்சலாட்சி. அரிசி களைந்துகொண்டே பேசினாள். "பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி கேக்கறா, ஒன் வீட்டுக்காரரு தெனம் எங்க தபால் எடுத்துக்கினு ஓடறாருன்னு. நான் இன்னான்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத."

"ஒன்ன மாதிரி ஊமையா இருக்க என்னால முடியாதுய்யா."

வியாழக்கிழமை பாதையைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தவர் கோவிந்தராசு. மில்லில் டைம் கீப்பர், ஓட்டத்துக்குப் பொறுப்பாளர். அம்மாவாசை மைதானத்து வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தான். அவர் வரவில்லை. மறுநாள் கேட்டதற்கு, "கோடு போட்டுருப்போம்யா. சுண்ணாம்புக் கோடு. கண்ணு தெரியாதவன்கூட அதப் பாத்துக்கினு ஓடலாம்" என்றார். கூடவே பச்சை முட்டை குடிக்கச் சொன்னார். கேட்டில் நின்ற இன்னொருவர் முட்டையே கூடாது என்றார். மூன்றாமவர் ஓடும்போது வாயில் கூழாங்கல் போட்டுக்கொள்ளச் சொன்னார். அந்த யோசனை மட்டும் அவனுக்குப் பிடித்திருந்தது. வாயில் கல் இருந்தால் பேச வேண்டியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பெய்தது. மாசி மாதத்தில் எவனும் எதிர்பார்க்காத மழை. அம்மாவாசை வாசலில் நின்று, சுண்ணாம்புக் கோட்டை நினைத்துக்கொண்டு, வானத்தை வெறித்துப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு பேர் ஓடினார்கள். அவன் மார்பில் பதினேழாம் நம்பர். செம்மண் பிசினாக ஒட்டியது. ஓடை இறக்கத்தில் பலர் தயங்கினார்கள். அம்மாவாசை வழுக்கிக்கொண்டே இறங்கி எழுந்து ஓடினான். ஆறாவது கிலோமீட்டரில் அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் வருகிறவர்களின் சத்தமும் இல்லை. ஒரு வாரமாகத் தேடியது கிடைத்துவிட்டது என்று நினைத்தபோது பாதை மூன்றாகப் பிரிந்தது.

கோடு இல்லை. மழை கழுவிவிட்டிருந்தது.

நடுவில் மடக்கு நாற்காலி போட்டு, குடை விரித்து, வாயில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார் சவரிராயன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய் வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. ஒழுங்குக்குப் பேர் போனவர் என்று கோவிந்தராசு அவரைக் கெஞ்சிக் கூட்டி வந்து வழிகாட்ட உட்கார வைத்திருந்தார். வழிகாட்ட வேண்டிய கொடி அவர் கக்கத்தில் இருந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் நம்பர் குறிக்கும் நோட்டு.

"எந்தப் பக்கம்?" என்று கத்தினான் அம்மாவாசை.

"தூ துருவா!" என்றார் சொல்தா.

அம்மாவாசைக்கு அது புரிந்தது. மில்லில் சேர்வதற்கு முன் இரண்டு வருஷம் ரிக்‌ஷா மிதித்தவன் அவன். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் இவரைப் போன்ற பென்ஷன்காரர்களைத்தான் ஏற்றுவான். பின்னாலிருந்து கோஷ் என்றால் இடது. துருவாத் என்றால் வலது. கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு ஸ்டாண்டில் எல்லாரும் துருவா என்பார்கள். பிரெஞ்சில் அவன் கற்றது அந்த இரண்டு வார்த்தைதான். அதை வைத்து அந்தத் தெருக்கள் முழுக்கச் சுற்றி வந்திருக்கிறான்.

வலது பக்கம் திரும்பினான்.

"நோ! தூ துருவா! தூ துருவா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கிழவர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினான்.

அந்தப் பாதை இறக்கமாக இருந்தது. முந்திரிப் பூ மணம். ஈர மணலில் கால் பதிகிற சத்தம், அவன் மூச்சு, வேறொன்றுமில்லை. கட்டைவிரல்கூட வலிக்கவில்லை. இதுவரை இவ்வளவு நன்றாக ஓடியதில்லை என்று தோன்றியது. ஏரியை எதிர்பார்த்துக் கடைசி வேலியைத் தாண்டினான். தார் ரோடு வந்தது. ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது.

கையில் துணிமூட்டையோடு ஒரு அம்மாள், "ஏம்பா, ஓ.பி. எந்தப் பக்கம்?" என்றாள்.

அம்மாவாசை ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு, "எனக்கே வழி தெரியலம்மா" என்றான்.

எதிரே மைதானம். யாரிடமாவது கேட்டுவிட்டுத் திரும்பலாம் என்று உள்ளே நுழைந்ததுதான் தப்பு. மேளம் வெடித்தது. கோவிந்தராசு மாலையோடு ஓடி வந்தார்.

"பதினேழு! நம்ம மில்லு! டேய், பதிலிடா அவன்!"

"அண்ணே, நான் ஏரிக்கே போவல."

"மூச்சு வாங்குது, பேசாத."

"வழி தப்பிட்டேன்ணே!"

"சோடா எடுத்தாங்கப்பா!"

கழுத்தில் மாலை விழுந்தது. யாரோ சோடாவை வாயில் திணித்தார்கள். மேடையில் மேனேஜர் எழுந்து நின்று கை தட்டினார். அம்மாவாசை சோடாவைத் துப்பிவிட்டு இன்னும் உரக்கச் சொன்னான். கோவிந்தராசின் முகம் மாறியது. சிரிப்பைக் கலைக்காமல் காதோரம் குனிந்தார்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு. வாய மூடு. நீதான் எப்பவும் பேசமாட்டியே, இன்னிக்கும் பேசாத. நாளைக்கு நீ பர்மனெண்டு."

பேசாமல் இருந்தால் போதும். அது அவனுக்குச் சுலபம். பிறந்ததிலிருந்து செய்து வருவது. ஆனால் மேனேஜர் பக்கத்தில் நின்றவர் அதற்குள் கேட்டுவிட்டார்: "ஏரிக்கரையில சேறு எப்பிடிப்பா இருந்துச்சு?"

அம்மாவாசைக்கு வருகிற வருஷங்கள் தெரிந்தன. கேட்டில், கேண்டீனில், கல்யாணப் பந்தியில், யாராவது இதைக் கேட்டுக்கொண்டேயிருப்பார்கள். பார்க்காத சேற்றைப் பற்றி ஆயுசு முழுக்கப் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

மாலையைக் கழற்றிக் கோவிந்தராசின் கழுத்திலேயே போட்டான்.

"ஏரிக்குப் போவலன்னு சொல்றேன், காதுல விழல?" மேளம் நின்றது. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. "ஒரு வாரமா எல்லாரும் பேசறீங்க. நான் சொல்றத ஒருத்தன் கேக்கறீங்களா?"

"பைத்தியக்காரா, எங்கடா போற?"

வந்த வழியே திரும்பி ஓடினான். பாதி மேட்டில் இருக்கும்போது மைதானத்தில் மறுபடியும் மேளம் கேட்டது. யாரோ ஒருவன் ஏரியைச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டான். சற்று இடைவெளி விட்டு இன்னொரு கூச்சல். பிறகு இன்னொன்று. அவன் எண்ணினான். மூன்று.

சொல்தா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். சுருட்டு தீர்ந்திருந்தது.

"முப்பத்தொண்ணு பேரு போய்ட்டான். ஒருத்தன் கொறையுது. எப்பிடி நான் எழுந்து போறது?" என்றார் கோபமாக. "அவ்ளோ கத்தினேனே, தூ துருவா, தூ துருவான்னு!"

"துருவான்னா வலது பக்கம்தானே முசியே?"

"அது துருவாத்! இது தூ துருவா. நேரா! நேரா போ!"

அம்மாவாசை இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினான். ரிக்‌ஷாவின் இரண்டு வருஷத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்தான். நேராகப் போக வேண்டியிருந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எதுவும் சொல்லமாட்டார். ஒருவர்கூடச் சொன்னதில்லை.

"நேரா போறதுக்கு எதுக்கு முசியே வாயத் தொறக்கறீங்க?"

கிழவர் நோட்டைத் திறந்து பதினேழு என்று எழுதினார், நாற்காலியை மடக்கினார், கக்கத்திலிருந்த கொடியை எடுத்து நேரே நீட்டினார்.

அம்மாவாசை ஷூவைக் கழற்றினான். இரண்டையும் கயிற்றால் முடிந்து தோளில் போட்டுக்கொண்டான். நாளைக் காலையும் கேட்டில் நிற்க வேண்டும்.

ஏரிக்கரையில் சேறு முழங்கால் வரைக்கும் இருந்தது. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.